தொடலாம், தின்னக்கூடாது

“திங்கிறதுக்கு இல்ல பிரதர். புடிப்போம், போட்டோ எடுப்போம், விட்டுருவோம். அவ்வளவுதான்.”

எங்கள் வங்கியில் எனக்கு மேல் நாற்காலியில் இருக்கும் அதிகாரி ஒருவர் சொன்னது. குடகுப் பக்கம் காவிரியில் அனுமதிச் சீட்டு வாங்கி இரண்டு நாள் தூண்டில் போட்டுவிட்டு வந்திருந்தார். கைபேசியில் படம் காட்டினார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, பிள்ளையை ஏந்துவதுபோல ஒரு மகசீரை ஏந்தியிருக்கிறார். நல்ல மீன். ஒவ்வொரு செதிலும் எட்டணாக் காசு அகலம். எனக்கு உறுத்தியது அந்த முதல் வாக்கியம்தான். ‘திங்கிறதுக்கு இல்ல’ என்று சொல்லும்போது அவர் குரல் ஒரு படி மேலே ஏறி நின்றது. தின்கிறவனுக்கு ஒரு படி மேலே.

பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவதா, வீட்டுக்கு எடுத்துப்போவதா என்று நன்னீர்த் தூண்டில்காரர்களுக்குள்ளே பல பத்தாண்டுகளாக ஒரு வழக்கு நடக்கிறது. விடுகிறவர் தன்னை இயற்கையின் காவலர் என்கிறார். எடுத்துப்போகிறவர், தின்னாத மீனை எதற்கய்யா முள்ளில் மாட்டி வதைக்கிறாய் என்று திருப்பிக் கேட்கிறார். இரண்டு பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் இந்த வழக்கு நடக்கிற இடத்துக்கு வெளியே, கரையில், இன்னொருவன் நிற்கிறான். அவனிடம் விலை உயர்ந்த கம்பும் சுருளும் கிடையாது. வீச்சு வலையோ, முள் கட்டிய ஒரு முழ நரம்போ வைத்திருக்கிறான். அவனை யாரும் சாட்சிக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. நான் பேச வந்தது அவனைப் பற்றி. சாதி ஒழிப்புக்கும் மகசீருக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்து வாசிக்க வேண்டும்.

ஆங்கிலேயர்களின் வேட்டை எழுத்தில் ஒரு வசைச்சொல் உண்டு. தமிழில் சொன்னால் ‘சட்டிக்கு வேட்டையாடுகிறவன்’. சட்டியில் போட்டுத் தின்பதற்காகப் பிடிக்கிறவன் கீழானவன். விளையாட்டுக்காகப் பிடிக்கிறவன் கனவான். அதாவது பசி இழிவு, பொழுதுபோக்கு மேன்மை. இந்தப் பார்வை கப்பலேறி இங்கே வந்தபோது அதற்கு அந்நியமாக எதுவும் தெரிந்திருக்காது. எதைத் தின்கிறாய் என்று கேட்டு ஆளைத் தரம் பிரிக்கிற நாடு இது. துரை கொண்டுவந்த தராசு நம்மூர்த் தராசோடு அச்சாகப் பொருந்திப்போயிற்று.

மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச்.எஸ். தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். மகசீரைப் பிடிக்க ஆசைப்பட்ட வெள்ளை அதிகாரிகளுக்கு அது வேதம். 1879-இல் நீலகிரியில் வேட்டை விலங்கையும் மீனையும் காப்பதற்கென்று தனியாக ஒரு சட்டம். 1897-இல் இந்திய மீன்வளச் சட்டம். ஆற்றில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் இந்தச் சட்டம் குற்றமாக்கியது. நல்லதுதான், அதில் எனக்குப் பிணக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அது மேற்கொண்டு கைவைக்கிற இடங்களைப் பாருங்கள். வலை என்ன வகை, அதன் கண் என்ன அளவு, ஓடையில் நட்டுவைக்கும் பொறி, குறுக்கே கட்டும் அணைப்பு. எல்லாம் சட்டிக்காரனின் சாமான்கள்.

சரி, துரைமார்கள் அப்போது மீனை விட்டார்களா? 1919 டிசம்பரில் ரிவெட்-கார்னாக் என்ற மேஜர் காவிரியில் 119 பவுண்டு மகசீர் ஒன்றைப் பிடித்தார். 1946 மார்ச்சில், மைசூரில் செத்த விலங்குகளைப் பாடம் பண்ணும் தொழில் செய்துவந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர் கபினியில் 120 பவுண்டு மீனைப் பிடித்தார். ஐம்பத்து நாலு கிலோ! அந்தச் சாதனையைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பெரிய மீன் தராசில் தொங்கும், படத்தில் நிற்கும், தலை பாடமாகிச் சுவரில் ஏறும். ஆற்றுக்குத் திரும்புவது வழக்கமில்லை. மீன் நிறைய இருந்தபோது அதைக் கொன்றவன் வீரன். மீன் குறைந்த பிறகு அதை விடுகிறவன் காவலன். வீரனும் காவலனும் ஒரே வம்சம். வலைக்காரன்தான் பாவம், மீன் நிறைய இருந்தபோதும் குற்றவாளி, குறைந்த பிறகும் குற்றவாளி.

விடுவது என்கிற கொள்கையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் லீ வுல்ஃப் என்ற அமெரிக்கர். ஒரே ஒரு தடவை பிடித்து முடித்துவிடக்கூடிய அளவுக்கு அந்த மீன் மலிவானது இல்லை என்கிற கருத்தை 1939-இல் வந்த தன் புத்தகத்தில் வைத்தார். இரக்கம் என்ற பேச்சு அந்த வாதத்தில் இல்லை, கவனியுங்கள். அது விலை பற்றிய பேச்சு. எங்கள் கவுண்டர் பாஷையில் சொன்னால் அது அசலைத் தொடாமல் வட்டி தின்கிற ஏற்பாடு. மீன் ஒரு நோட்டு. இன்று இவர் கையில், நாளை அவர் கையில், பத்துப் பேர் பத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், பத்துப் பேரிடமும் அறை வாடகை வாங்கலாம். சட்டிக்குப் போகிற மீன் கணக்கை முடித்துவிடுகிறது. அதனால்தான் அவன்மேல் அத்தனை கோபம். (நான் இதைக் கேலியாக மட்டும் சொல்லவில்லை. அசல் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்ல புத்திதான். அசல் யாருடையது என்பதுதான் என் கேள்வி.)

காவிரிக்கு வருவோம். சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே தொட்டமக்கலி, பீமேஸ்வரி, முத்தத்தி, கலிபோரே, சங்கமா, மேகதாட்டு என்று காட்டுக்குள் இறங்கி ஒகேனக்கல்லுக்கு வருகிற ஆறு. மகசீர் தீர்ந்துபோயிற்று என்று பேசப்பட்ட 1970களின் கடைசியில் மூன்று ஆங்கிலேயர்கள் இங்கே வந்து பெரிய பெரிய மீன்களைப் பிடித்துக் காட்டினார்கள். அதன் பிறகு கர்நாடக அரசின் காட்டு விடுதி நிறுவனம் பீமேஸ்வரி முதலான இடங்களில் முகாம் நடத்தியது. உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிடிக்கலாம், எடை பார்க்கலாம், படம் எடுக்கலாம். விட்டுவிட வேண்டும். அது விதி.

தூண்டிலுக்கு இரை என்ன தெரியுமா? ராகி மாவு உருண்டை. கரையில் இருப்பவன் களியாகக் கிண்டித் தின்கிற அதே ராகி. அதைப் பிசைந்து, உருட்டி, வேகவைத்து, முள்ளில் குத்திக் கொடுக்கிறவன், பரிசல் தள்ளுகிறவன், எந்தப் பாறைக்கு அடியில் மீன் கிடக்கும் என்று தண்ணீரின் சுழிப்பைப் பார்த்தே சொல்கிறவன், மீன் ஓடினால் பரிசலில் அதன் பின்னாலேயே துரத்துகிறவன் எல்லாம் ஒரே ஆள். அவனுக்கு அங்கே பெயர் ‘கில்லி’. நம்மூர்க் கில்லி இல்லை. ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பாஷையில் பையன், வேலைக்காரன் என்று அர்த்தம் வரும் சொல். கனவான் வேட்டைக்கும் மீனுக்கும் போகும்போது கூடப் போகிற ஏவலாள். ஐம்பது வயது மனிதரை ஒரு வெளிநாட்டுப் பாஷையில் ‘பையா’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். நமக்கு இதில் புதுசாக என்ன இருக்கிறது.

இந்தக் கில்லிகளில் பலர் முன்பு திருட்டு மீன் பிடித்தவர்கள் என்றும், முகாம்கள் அவர்களைத் திருத்தி வேலை கொடுத்துக் காவலர்களாக்கின என்றும் பெருமையாக எழுதுவார்கள். வேலை கிடைத்தது உண்மை. கூலியை நான் குறைத்துப் பேசமாட்டேன், மாதச் சம்பளக்காரனுக்கு அந்த யோக்கியதை இல்லை. ‘திருட்டு’ என்ற சொல்லை மட்டும் ஒரு நிமிஷம் பிடித்து வைத்துக்கொள்வோம். காவிரிச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது 1987-இல். முகாம் அதற்குச் சில வருஷம் முன்னே பின்னே. ஆற்றில் அவன் அப்பன் வலை வீசியது எந்த வருஷம்? அவன் எப்போது திருடனானான்? எந்தத் தேதியில்?

பிறகு 2012-க்குள் சரணாலயப் பகுதியில் தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டது. 1972 வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் ‘பிடிப்பது’ம் அடங்கும். விட்டுவிடுகிறேன் என்று சொன்னாலும் பிடித்தது பிடித்ததுதான். முகாம் போனதும் வெடிக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்பது தூண்டில்காரர்களின் புகார். இருக்கலாம். கில்லியின் கூலி நின்றுபோனது பற்றி அந்தப் புகாரில் ஒரு வரி வரும், கடைசியில்.

அந்த முகாம்களால் உருப்படியாக ஒரு நன்மையும் நடந்திருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதினால் நான் அயோக்கியன். கலிபோரேயில் 1998 முதல் 2012 வரை யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், என்ன எடை என்று குறித்து வைத்திருக்கிறார்கள். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மீன்களின் கணக்கு. ஆராய்ச்சியாளர்கள் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. பிடிபடும் மீன்களின் எண்ணிக்கை வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஆகா, விட்டதால் பெருகியது என்று கைதட்டலாம். ஆனால் பெருகியது நீலத்துடுப்பு மகசீர். அது காவிரியின் மீன் இல்லை. மகாராஷ்டிராவில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்துக் கொண்டுவந்து விட்ட இனம். காவிரிக்கே உரிய திமில் மகசீர், அந்த 120 பவுண்டு கதைகளின் நாயகன், குறைந்துகொண்டே போயிருக்கிறது. கிடைத்த ஒன்றிரண்டும் பெரிய கிழடுகள். குட்டி இல்லை. கிழவர்கள் மட்டும் இருக்கிற ஊர் எத்தனை நாளைக்கு ஊராக இருக்கும்?

அந்தத் திமில் மகசீருக்கு 2018 வரை அறிவியல் பெயர்கூடத் தெளிவாக இல்லை. உலகப் புகழ் பெற்ற மீன், நூற்றைம்பது வருஷமாகப் படமெடுக்கப்பட்ட மீன், அது எந்த இனம் என்று உறுதியாகவில்லை. மோயாற்றில் கிடைத்த மீன்களை ஒப்பிட்டுப் பார்த்து, 2007-இல் கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட டோர் ரெமாதேவிதான் இது என்று அந்த ஆண்டு நிறுவினார்கள். விலங்கியல் ஆய்வாளர் கே. ரெமாதேவியின் பெயர் கொண்ட இனம். அதே ஆண்டு மிக அருகிய இனம் என்று உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது.

ஆக, பதினைந்து வருஷம் விட்டார்கள், விட்டார்கள், விட்டுக்கொண்டே இருந்தார்கள். மீன் போய்க்கொண்டே இருந்தது. ஏனென்றால் அதைக் கொன்றவை தூண்டிலுக்கு வெளியே இருந்தன. முட்டையிட மேலேறும் வழியை மறித்த அணைகள், அள்ளப்பட்ட மணல், வெடி, கோடையில் நூலாகிப்போன ஆறு, நல்லெண்ணத்தில் கொண்டுவந்து விட்ட அயல் மீன். இதில் எதையும் ஒருவர் குனிந்து மீனை மெதுவாக நீரில் நழுவவிடுகிற அந்த அழகான காட்சி தொடவில்லை. அந்தக் காட்சி வேறொன்றைச் செய்தது. ஆற்றில் தப்பு செய்யாதவர் யார் என்று காட்டிக் கொடுத்தது.

இங்கேதான் எனக்கு நம்மூர் ஞாபகம் வருகிறது. தொடலாம், தின்னக்கூடாது. மீனை முள்ளில் மாட்டலாம், அரைமணி நேரம் இழுக்கலாம், செவுளுக்குப் பக்கத்தில் கைவைத்துத் தூக்கலாம், முத்தம்கூடக் கொடுக்கலாம் (கொடுக்கிறார்கள்!). தின்றால் தீட்டு. நம் விஷயத்தில் அப்படியே தலைகீழ். நாம் அறுத்த நெல்லைத் தின்பார்கள், நம்மைத் தொடமாட்டார்கள். இரண்டுக்கும் சூத்திரம் ஒன்று. எதைச் செய்யாமல் விடுகிறேன் என்பதை வைத்து என் உயரத்தைக் காட்டிக்கொள்வது. மறுப்பதற்கு வசதி உள்ளவன் மறுத்து உயர்கிறான். மறுக்க முடியாதவன் தாழ்ந்தவன்.

மீனின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை. நன்னீர் மீன், கடல் மீன் இரண்டையும் சேர்த்து 274 அளவீடுகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, விட்ட பிறகு சாகிற மீன்கள் சராசரியாக நூற்றுக்குப் பதினெட்டு என்கிறது. முள் உதட்டில் குத்தினால் பிழைக்கும். தொண்டையில், செவுளில் குத்தினால் கஷ்டம். தண்ணீர் சூடாக இருந்தால் அதில் உயிர்க்காற்று குறைவு, களைத்த மீன் தேறாது. படத்துக்காக வெளியே தூக்கி வைத்திருக்கிற ஒவ்வொரு நொடியும் அதற்குக் கடன். மகசீர் கெட்டியான மீன், பழகிய கைகளில் பெரும்பாலும் பிழைத்துவிடும். எதிர்முள் இல்லாத தூண்டில், நனைந்த கை, தண்ணீருக்குள்ளேயே கழற்றி விடுவது என்று பொறுப்பானவர்கள் பார்த்துச் செய்கிறார்கள். ஆனாலும் மீனுக்கு நோவை உணரும் நரம்பு உண்டு என்று 2003-இல் ட்ரவுட் மீனில் காட்டியாயிற்று. எதற்காக அந்த நோவு?

இந்தக் கேள்வியை ஜெர்மனியில் சட்டமே கேட்கிறது. முதுகெலும்புள்ள பிராணிக்குத் தக்க காரணம் இல்லாமல் கடுமையான நோவு கொடுப்பது அங்கே குற்றம். தின்பது தக்க காரணம். விளையாடி விட்டுவிடுவது தக்க காரணம் ஆகாது. சுவிட்சர்லாந்தில் 2008-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகள், விட்டுவிடும் எண்ணத்தோடு தூண்டில் போடுவதையே தடுத்தன. நம் அதிகாரி நண்பர் அங்கே போய் ‘திங்கிறதுக்கு இல்ல’ என்று சொன்னால் போலீசைக் கூப்பிடுவார்கள். நம்மூர்க் கனவான் எதை நாகரிகம் என்று பெருமைப்படுகிறாரோ அதை அந்த நாட்டுக்காரன் கொடுமை என்கிறான். அங்கே சட்டிதான் தூண்டில்காரனுக்குச் சாட்சி. இதை ஜெர்மன்காரன் உயர்ந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. பெரிய ஒழுக்கமாக நீட்டப்படுகிற விஷயம் எல்லை தாண்டினால் எப்படிக் குப்புற விழுகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சட்டிக்காரனை வெறுப்பது என்ன வரைக்கும் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கே ஓஜிப்வே பழங்குடி மக்கள் 1837, 1842 ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோது மீன் பிடிக்கும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். மாநில அரசு அதை மதிக்கவில்லை. 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமை உயிரோடு இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னது. வசந்த காலத்து இரவில் விளக்கோடு படகில் போய், வால்-ஐ என்ற ஏரி மீனை ஈட்டியால் குத்தி எடுத்துவந்து தின்பது அவர்கள் வழக்கம். 1980களின் கடைசியில் படகுத் துறைகளில் வெள்ளைக்காரக் கூட்டம் திரண்டு நின்றது. கல் எறிந்தார்கள், இனவசை பாடினார்கள், மீனைக் காப்பாற்று இந்தியனைக் குத்து என்கிற தோரணையில் பதாகை பிடித்தார்கள். அழிக்கிறார்கள் அழிக்கிறார்கள் என்று கூப்பாடு. 1991-இல் கூட்டாட்சி அரசும் மாநிலமும் பழங்குடிகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு வந்தது: ஈட்டியால் மீன் வளத்துக்குக் கேடு வரவில்லை. தூண்டில்காரர்கள் எடுத்ததற்கு முன் ஈட்டிக்காரர்கள் எடுத்தது சிறுபங்கு.

இனி நம்ம கண்மாய். சிவகங்கைப் பக்கத்து வறண்ட ஊர் எனக்கு. கண்மாய் மீனை ஏலம் விடுவார்கள். சேரியிலிருந்து ஏலத்தில் கைதூக்கி நான் பார்த்ததில்லை. ஏலம் எடுத்தவர் இழுவலை போட்டுப் பெரிய மீனை அள்ளிய பிறகு, தண்ணீர் வற்றிச் சேறாகும்போது ஒரு நாள் அழிகண்மாய். அன்றைக்கு எல்லோரும் இறங்கலாம் என்பது பேச்சு. முதலில் இறங்குவது யார், எந்த மடையோரம் நாம் நிற்கலாம் என்பதும் பேசாமலே எல்லோருக்கும் தெரியும். கலங்கி முடிந்த சேற்றில் ஊத்தாவைப் போட்டுக் கையை விட்டுத் துழாவி எங்கள் ஆட்கள் எடுத்தது குரவையும் கெளுத்தியும் ஜிலேபியும். ‘பிடித்துக்கொள்வது’ என்பதற்கு எங்கள் அகராதியில் அதுதான் அர்த்தம். விடுவது பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை.

ஆனால் விடுவது எங்களுக்குத் தெரியாதா? விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாகக் காவல் காக்கும். தண்ணீரின் மேலே செக்கச்செவேலென்று ஒரு தட்டு நகர்வதுபோல் குஞ்சுக் கூட்டம் போகும், அடியில் தாயும் தகப்பனும். தூண்டிலை அந்தப் பக்கம் காட்டினால் குஞ்சைக் காக்க வருகிற மீன் வெறியில் பாய்ந்து கவ்வும். பிடிப்பதற்கு அதைவிட லேசு கிடையாது. “செங்குஞ்சோட திரியிற விரால் மேல கை வைக்கப்படாதுடா, அதுவும் புள்ளகுட்டிக்காரி” என்பாள் எங்கள் அப்பத்தா. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் சொன்னாள். அவளுக்கு அது படமெடுத்துக் காட்டுகிற தர்மம் கிடையாது. அடுத்த வருஷக் குழம்பு பற்றிய கணக்கு, கூடவே கொஞ்சம் கூச்சம். தின்கிறவர்களுக்கு உள்ளேயே விடுகிற சட்டம் உண்டு. எழுதி வைக்காததால் அது சட்டம் இல்லை என்றாகிவிட்டது.

இப்போது நம் பக்கத்து ஆட்களோடு ஒரு வாக்குவாதம். இயக்கத் தோழர்கள் சிலரிடம் இந்த மீன் கதையைப் பேசினால் சட்டென்று ஒரு பதில் வரும்: “எல்லாம் மேட்டுக்குடிச் சூழலியம் தோழர். சனங்களுக்குப் பசி. புலி, மீனு, மயிருன்னு பேசிக்கிட்டு.” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திமில் மகசீர் அற்றுப்போனால் என் அதிகாரி என்ன இழக்கப்போகிறார்? ஒரு விடுமுறை. அவர் வேறு நாட்டுக்குப் போய் வேறு மீனைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஆற்றில் வெடி போட்டால் ஒரு நாள் சட்டி நிறையும். பெரிய மீனோடு முட்டையும் குஞ்சும் சேர்ந்தே செத்து, மறுநாளிலிருந்து பரிசல்காரன் வெறும் பரிசலோடு திரும்புவான். வெடி வாங்கக் காசு கொடுத்தவன் பெரும்பாலும் அந்த ஊரிலேயே இருக்கமாட்டான். மீன் தீர்ந்தால் முதலில் பட்டினி கிடக்கிறவன் சட்டிக்காரன்தான். ஆகவே மீனைக் காப்பது அவர்கள் வேலை, தின்பது நம் வேலை என்று பிரித்துக்கொள்வது அவர்கள் போட்ட கோட்டின்மேல் நாமே போய் நிற்பது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவிரிக் கரையில் வலை வீசுகிறவர்களில் பலர் நம்மவர் கிடையாது. மீனவச் சாதிகள், பழங்குடிகள், அவர்களுக்குள்ளும் மேல் கீழ். அவர்கள் ஊர்க் கிணற்றில் நமக்கு இடம் இருக்கிறதா என்பது தனிக் கதை, இன்னொரு இதழில் எழுதுகிறேன். அதற்காக இந்த உரிமை இல்லை என்று ஆகிவிடாது.

என் கட்சி இதுதான். திமில் மகசீரை யாரும் தொடக்கூடாது. வலையும் வேண்டாம், விட்டுவிடுகிற தூண்டிலும் வேண்டாம். இவ்வளவு அருகிப்போன இனத்தில் நூற்றுக்கு ஒன்று செத்தாலும் அதிகம். தவறி மாட்டினால் நீருக்குள்ளேயே கழற்றி விட வேண்டும், பரிசல்காரனும் விட வேண்டும், பணக்காரனும் விட வேண்டும். நீலத்துடுப்பைக் காவிரியில் எதற்கு விடுகிறீர்கள்? அது வந்தேறி மீன். ஜிலேபியையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் விடுவது அதைவிடப் பைத்தியக்காரத்தனம். அவற்றைப் பிடியுங்கள், எடுத்துப்போங்கள், ஒகேனக்கல்லில் மீன் வறுத்துக் கொடுக்கிற பெண்களிடம் கொடுத்து மசாலா தடவித் தின்னுங்கள். தின்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. எதை விடுவது எதை வைத்துக்கொள்வது என்பது இனத்தையும், பருவத்தையும், நீரின் சூட்டையும் பார்த்து முடிவு செய்கிற விஷயம். பிடிக்கிறவன் கையில் இருப்பது இறக்குமதிக் கம்பா வீச்சு வலையா என்று பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை.

யார் முடிவு செய்வது? தமிழ்நாட்டுப் பக்கம் 2014-இல் காவிரி வடக்குச் சரணாலயம் அறிவித்தார்கள், 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயம். திமில் மகசீர் இன்னும் உயிரோடிருக்கிற மோயாறு முதுமலை, சத்தியமங்கலம் புலிக்காப்பகங்களுக்குள்ளே ஓடுகிறது. அதாவது விதி எழுதும் பேனா வனத்துறையின் கையில். அந்தப் பேனாவுக்குப் பக்கத்தில் உட்கார விடுதிக்காரருக்கும் தூண்டில் சங்கத்துக்கும் நாற்காலி கிடைத்துவிடும், அவர்கள் ஆங்கிலத்தில் மனு எழுதுவார்கள். கரையில் இருக்கிற இருளருக்கும் குறும்பருக்கும் பரிசல்காரருக்கும்?

அவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு நீர்நிலைகளின் மீன் மீது சமூக உரிமை உண்டு என்று பெயர் சொல்லியே ஒப்புக்கொள்கிறது. 5-ஆம் பிரிவு வன உயிர்களைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. அப்படியென்றால் தின்னும் உரிமையும் விடச் சொல்லும் அதிகாரமும் ஒரே சபையின் கையில். அப்பத்தாவின் செங்குஞ்சுச் சட்டத்தைத் தீர்மானமாக எழுதி முத்திரை குத்துவதற்கு இதைவிட வேறு இடம் கிடையாது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் நீதிமன்ற உத்தரவால் பல வருஷம் முடங்கிக் கிடந்தது. இப்போது தடை இல்லை, வேகமும் இல்லை. பழங்குடி அல்லாத மரபுவழி வனவாசி என்றால் மூன்று தலைமுறை, எழுபத்தைந்து வருஷம் அங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்கிறார்கள். முகவரிச் சான்று இல்லாமல் எங்கள் கவுண்டரிலிருந்து திரும்பிப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். எழுபத்தைந்து வருஷத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? பெரியவர்களின் வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று விதியில் இருப்பது பலருக்குத் தெரியாது.

கோடை விடுமுறையில் எங்கே போகலாம் என்று கேட்கிற மாணவத் தோழர்கள் மோயாற்றங்கரை ஊர்களுக்கும் ஒகேனக்கல்லுக்கு மேலே உள்ள ஊர்களுக்கும் போங்கள். கையில் ‘பி’ படிவம் கொண்டுபோங்கள், சமூக உரிமை கோரும் மனு அதுதான். பயன்பாடுகள் என்று வருகிற இடத்தில் மீன், நீர்நிலை என்று அச்சடித்தே இருக்கிறது. பக்கத்தில் உள்ள கோடுதான் காலியாக இருக்கும்.